பாரதக் கூத்து பார்க்கப் போகிறீர்களா? நோட்டீஸைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பங்குனி பிறந்தால் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, உத்திரமேரூர் பக்கத்து பஸ் நிறுத்தச் சுவர்களில் மஞ்சளும் ரோஸுமாக நோட்டீஸ்கள் ஏறத் தொடங்கும். ‘அருள்மிகு திரௌபதி அம்மன் ஆலய அக்னி வசந்த மகாபாரதப் பெருவிழா’ என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். ஆடி முடியும் வரை இந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில், மகாபாரதக் கதையை ராத்திரிக்கு ஒரு பகுதியாக விடிய விடிய ஆடும் கூத்து நடந்துகொண்டே இருக்கும். சித்திரை, வைகாசியில் ஒரே ராத்திரியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு மூன்று மேளச் சத்தம் கேட்கும். வயல் காய்ந்து கிடக்கிற, மழை இன்னும் இறங்காத மாதங்கள் இவை. கூத்துக்குக் களம் வேண்டும், துரியோதனன் விழும் படுகளத்துக்குத் திடல் வேண்டும், தீமிதிக்குக் காய்ந்த விறகு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதில் ஒன்றும் நடக்காது.

ஊரில் யாரும் ‘தெருக்கூத்து நிகழ்ச்சி’ என்று சொல்வதில்லை. ‘பாரதம் வெச்சிருக்காங்க’, ‘நாடகம் விட்டிருக்காங்க’ என்பார்கள். கலைஞர்களில் ஒரு சாரார் கட்டைக்கூத்து என்ற பெயரை வற்புறுத்துகிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் இருக்கும் கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது அந்தப் பெயரோடுதான். செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்க் கூத்துக்காரர்களுக்கு அது தெருக்கூத்து. பெயர்ச் சண்டையில் இறங்காமல், வழி கேட்கும்போது ‘நாடகம் எந்தப் பக்கம்?’ என்று கேளுங்கள், சரியான இடத்துக்குக் கையைக் காட்டுவார்கள்.

புதிதாகப் போகிறவர்கள் பத்து நாள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ராத்திரிக்குப் போவதென்று தெரியாமல் சனிக்கிழமையைப் பார்த்துப் போய்விடுகிறார்கள். நோட்டீஸைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதலில் தீமிதி எந்தத் தேதி என்று பாருங்கள். பல ஊர்களில் கூட்டம் சேர வேண்டும் என்று அதை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துவிடுவார்கள். அன்று காலை படுகளம். அதற்கு முந்தின இரவு பதினெட்டாம் போர். அதற்கு முந்தின இரவு கர்ண மோட்சம். இன்னும் ஒரு நாள் பின்னால் போனால் அபிமன்னன் (அபிமன்யு) சண்டை. அதற்கும் முன்னால் அரவான் களபலி, கிருஷ்ணன் தூது, விராட பருவத்து மாடுபிடி சண்டை, அர்ச்சுனன் தபசு, பகடை துகில் (சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும்), ராஜசூய யாகம், சுபத்திரை கல்யாணம், வில்வளைப்பு என்று பின்னோக்கிப் போகும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும். களபலியையும் தூதையும் ஒரே ராத்திரியில் முடிக்கிற ஊர்களும் உண்டு. ஆனால் கடைசி மூன்று ராத்திரிகளின் வரிசை அநேகமாக மாறுவதில்லை. அதனால்தான் பின்னாலிருந்து எண்ணச் சொல்கிறோம்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. நோட்டீஸில் ‘12ஆம் தேதி இரவு 10 மணி: கர்ண மோட்சம்’ என்று போட்டிருந்தால் கர்ணன் சாவது 13ஆம் தேதி விடிகாலையில். ‘14ஆம் தேதி காலை 8 மணி: படுகளம்’ என்று இருந்தால் அதற்கான போர் 13ஆம் தேதி இரவே ஆரம்பித்துவிட்டது. இதைக் கவனிக்காமல் ஒரு நாள் தள்ளி வந்து, காலித் திடலையும் வெந்த மண்ணையும் பார்த்துத் திரும்பியவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். இன்னொன்று, ‘பாரதச் சொற்பொழிவு’ என்பது கூத்து இல்லை. பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் வில்லிபாரதம் பாடி விளக்கம் சொல்வது அது. சாதாரணமாக மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கி சாயங்காலம் முடியும். நேரம் இருந்தால் அதற்கும் போய் உட்காருங்கள். பகலில் கதையைக் கேட்டவருக்கு ராத்திரிப் பாட்டு பாதி தானாகப் புரியும். வில்லிபுத்தூராரிடம் இல்லாத கிளைக்கதைகள் கூத்தில் நுழையும் இடங்களும் அப்போதுதான் பிடிபடும்.

ஒரே ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் கர்ண மோட்சம் போங்கள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் நாடகம் இது. பாரத விழாவுக்கு வெளியே காரிய வீடுகளிலும் இதைத்தான் ஆட வைப்பார்கள். அதனால் எந்த ஜமாவுக்கும் (கூத்துக் குழுவுக்கும்) இது தண்ணீர் பட்ட பாடு. போருக்குப் போகும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவள் அவனைத் தூக்கி எறிந்து பேசுகிறாள். அந்தத் தர்க்கம் நடுச்சாமத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஓடும். நல்ல பெண் வேஷக்காரர் அமைந்துவிட்டால் கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது. பிறகு தேரோட்ட வந்த சல்லியனோடு வாக்குவாதம். கடைசியில் கிழப் பிராமணனாக வந்து நிற்கும் கண்ணனுக்குக் கர்ணன் செய்த புண்ணியத்தை எல்லாம் தாரை வார்ப்பது. வானம் வெளுக்கும் நேரம் அது.

இரண்டு நாள் கிடைத்தால் பதினெட்டாம் போரையும் அதன் மறுநாள் காலைப் படுகளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நாடகத்தின் தொடர்ச்சி. ராத்திரி முழுக்க மேளத்துக்கு எதிரே ஆடிய பீமனும் துரியோதனனும் அதே வேஷத்தோடு விடிந்ததும் திடலுக்கு நடந்து வருவார்கள். அங்கே களிமண்ணில் செய்து வண்ணம் பூசிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். உருவத்தின் நீளம் ஊரின் வசதியைப் பொறுத்தது. இருவரும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஏறி, குதித்துச் சண்டை போடுவார்கள். தொடையில் முன்கூட்டியே புதைத்து வைத்த சிவப்பு நீர் உடைந்து வழியும்போது திரௌபதியின் கூந்தல் முடியப்படும். அந்த நிமிடத்தில் சனம் உள்ளே பாய்ந்து மண்ணை அள்ளும். வீட்டுக்குக் கொண்டுபோய் தானியத்தோடு வைப்பதற்கு. நெரிசல் அங்கேதான். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் உருவத்தின் தலைமாட்டுப் பக்கம், கொஞ்சம் மேடான இடத்தில் நில்லுங்கள். கால்பக்கம் வேண்டாம். செருப்போடு திடலுக்குள் இறங்காதீர்கள். படத்துக்காக உருவத்தின் மேல் ஏறினால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

அர்ச்சுனன் தபசுக்கு நேரத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும். சில ஊர்களில் விடியும் தருவாயில், சில ஊர்களில் பட்டப்பகலில். நெடிய பனைமரத்தை நட்டுப் படி கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரத்துணியோடு கீழே காத்திருப்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் விழும். மரத்தடி அவர்களுக்கு உரிய இடம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வட்டத்துக்கு வெளியே நிற்பதுதான் மரியாதை. ஏறி முடிக்கவே மணிக்கணக்காகும். பகலில் என்றால் தலைக்கு ஒரு துண்டு அவசியம்.

துகில் ராத்திரி வேறு மாதிரி. புடவையில் கை வைக்கும் முன் துச்சாதனன் வேஷக்காரர் அம்மனை நோக்கிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். வேஷக்காரர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் ஆவேசம் வருவது சகஜம். அந்தக் கட்டத்தில் மட்டுமாவது போனைக் கீழே வையுங்கள். ஃபிளாஷ் கட்டாயம் கூடாது.

முதல் தடவையே சுபத்திரை கல்யாணத்துக்குப் போகாதீர்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். பாட்டு நிறைய, கதை மெதுவாக நகரும். கூத்தின் நடை பழகியவர்களுக்குத்தான் ருசிக்கும். கிருஷ்ணன் தூது நேர் எதிர். பேச்சுக்குப் பேச்சு, சிரிப்புக்குச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள்கூட விழித்திருப்பார்கள்.

இனி ஒரு ராத்திரி எப்படி நகரும் என்று சொல்லிவிடுகிறோம். வந்தவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போவதற்கு இது தெரியாததுதான் காரணம். ‘10 மணி’ என்பது மேளம் தொடங்கும் நேரம். களரி கட்டுதல் என்று பெயர். மிருதங்கம், டோலக், முகவீணை (ஊதும் சிறு குழல்), ஆர்மோனியம், தாளம் எல்லாம் சேர்ந்து ஊரைக் கூப்பிடுகிற வேலை. அது அரை மணி, முக்கால் மணி. பிறகு கடவுள் வாழ்த்து, கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளருமான கட்டியக்காரன் வருகை. அவர் பேச்சில் அந்த ஊர் குடிநீர்க் குழாயும் பஞ்சாயத்துத் தலைவரும்கூட வருவார்கள். அடுத்து முதல் கட்டை வேஷம், அதாவது மரக் கிரீடம் வைத்த பெரிய வேஷம். இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று விருத்தமும் தருவும் பாடி, கிரீடம் மட்டும் தெரிய ஆடி, திரை விலகி, களத்தைச் சுற்றி வந்து, தான் யாரென்று கட்டியக்காரனுக்குச் சொல்லி முடிக்க அரை மணிக்கு மேலாகும். இப்படி இரண்டு மூன்று வருகை முடிந்து கதை சூடு பிடிக்கும்போது கடிகாரத்தில் ராத்திரி ஒரு மணி ஆகிவிடும். சாரம் முழுக்க ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில். தூங்க வேண்டுமென்றால் சாயங்காலமே தூங்கிவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் பத்து மணிக்கு வந்து திரைப் பிரவேசத்தைப் பார்த்துவிட்டு, பாய் விரித்து ஒரு மணி வரை அங்கேயே படுங்கள். பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டி சரியான இடத்தில் எழுந்துகொள்வார். அவரோடு நீங்களும் எழுந்தால் போதும்.

வேஷம் கட்டுவதைப் பார்க்க விரும்பினால் எட்டரைக்குள் போங்கள். பெரிய கட்டை வேஷத்துக்கு இரண்டு மணி நேரம் வரை பிடிக்கும். முகத்தில் அடிவண்ணம், அதன்மேல் முத்துவெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும், புடவைகளைச் சுற்றிச் சுற்றி விரிந்த பாவாடைக் கட்டு, கால் சலங்கை, கடைசியில் கிரீடம், புஜகீர்த்தி (தோள் அணி), மார்புப் பதக்கம். இவையெல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. இந்தக் கட்டைச் சாமான்களால்தான் கட்டைக்கூத்து என்ற பெயர். கயிறு இழுத்துக் கட்டிய பிறகு அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். பாட்டை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்.

உட்காரும் இடம்: மேளக்காரர்கள் களத்தின் பின்பக்கம், பார்க்கிறவர்கள் மூன்று பக்கமும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் காது போகும், பாட்டும் தெளியாது. ஆர்மோனியத்துக்கு நேர் எதிரே, முதல் நாலைந்து வரிசைக்குள் தரையில் இடம் பிடியுங்கள். நாற்காலி போட்டிருந்தால் அது உபயதாரர்களுக்கு. கையில் பாய், போர்வை (சித்திரையிலும் மூன்று மணிப் பனி உண்டு), தண்ணீர், டார்ச், பத்து ரூபாய்த் தாள்கள். கடைசி டவுன் பஸ் சீக்கிரமே போய்விடும், திரும்புவதற்கு விடிகாலை முதல் பஸ்தான். வேஷக்காரருக்கு அன்பளிப்புக் கொடுக்க நினைத்தால் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி, பாட்டு முடிகிற இடத்தில் கட்டியக்காரனிடம் கொடுங்கள். நடுப் பாட்டில் மேடைக்குப் போய் நோட்டுக் குத்துகிற பழக்கம் ஆட்டத்தையே கெடுக்கிறது. ஐம்பது ரூபாய்க்காகப் பொன்னுருவியின் அழுகை நின்று, ‘இன்னார் மகன் இன்னார்’ என்று மைக்கில் ஒலிப்பதைக் கேட்கவா வந்தோம்?

உங்கள் ஊரிலேயே நாடகம் விட நினைக்கிற இளைஞர்களுக்கு இனி. மாரியம்மன் விழாவுக்கு ஒரு ராத்திரி என்றாலும் வேலை ஒன்றுதான். சித்திரை, வைகாசிக்கு நல்ல ஜமா வேண்டுமென்றால் தை மாதத்துக்குள் ஜமாவை நடத்தும் வாத்தியாரைப் போய்ப் பார்த்து, வெற்றிலைபாக்கோடு அச்சாரம் கொடுத்துவிடுங்கள். பேசும்போது ஆறு விஷயம் தாளில் ஏற வேண்டும்: எந்த நாடகம், முழு ராத்திரியா பாதியா, எத்தனை பேர் வருவார்கள், வேன் கூலி யாருடையது, சாப்பாடு எத்தனை வேளை, மழை வந்தால் என்ன. கடைசியை விட்டுவிடுவதுதான் வழக்கம், சண்டை வருவதும் அதில்தான். களம் இறங்கி, வேஷம் கட்டிய பிறகு மழை பெய்தால் முழுத் தொகையும் கொடுப்பது நியாயம். அவர்கள் அந்த ராத்திரியை வேறு ஊருக்குக் கொடுத்திருக்க முடியாது.

களத்துக்குச் சுமார் 20 அடிக்கு 20 அடி போதும். அம்மன் பார்க்கும்படி சன்னிதிக்கு எதிரே அமையட்டும். வெறுங்காலில் எட்டு மணி நேரம் சுழன்று ஆடுகிறார்கள். சரளைக்கல்லைப் பொறுக்கி எடுங்கள், சிமெண்ட் தரையைத் தவிருங்கள், முழங்கால் போய்விடும். நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்தால் ராத்திரிக்குள் மண் அடங்கும். எட்டு மணிக்குத் தெளித்தால் முதல் கிறுக்கியிலேயே (சுழற்சியிலேயே) வழுக்கும். உறுதியான மர பெஞ்சு ஒன்று. வேஷம் கட்ட மறைப்புப் போட்ட கொட்டகை, அதில் நல்ல விளக்கு, பாய். பதினைந்து பேருக்கு ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்குள் முடிய வேண்டும். வயிறு முட்டக் கொடுத்தால் பாட முடியாது, அவர்களே சொல்வார்கள். பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு டீ.

மைக்கில்தான் அநேக ஊர்கள் கோட்டை விடுகின்றன. சவுண்ட் சர்வீஸ்காரர் மேடைக் கச்சேரி என்று நினைத்துக் கையில் பிடிக்கும் மைக்கைக் கொடுத்துவிட்டால் கட்டை வேஷக்காரர் கையை ஆட்ட முடியாது. களத்துக்கு மேலே குறுக்குக் கயிறு கட்டி இரண்டு மைக் தொங்க வேண்டும். கிரீடத்தின் உயரத்தையும் குதியையும் சேர்த்து எட்டடிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கிரீடத்தில் இடித்து ‘டொம்’ என்று ஊர் அதிரும். ஆர்மோனியம், பின்பாட்டுக்கு ஒன்று, முகவீணை, மிருதங்கத்துக்கு ஒன்று. ‘எக்கோ’வை முழுவதும் குறைக்கச் சொல்லுங்கள், வசனம் குழம்புவது அதனால்தான். விளக்கை இரண்டு பக்கவாட்டில் சாய்வாகப் போடுங்கள். நேர் எதிரே ஒரே வெள்ளை விளக்கு அடித்தால் முகத்து வண்ணம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆகிவிடும். மேளக்காரர்கள் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய் இருக்கட்டும். ஆனி, ஆடிச் சாரலில் முதலில் தொய்வது மிருதங்கத் தோல்தான்.

காவல் நிலையத்தில் மனு கொடுப்பதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் போகாமல். விடிய விடிய நடக்கிற ஒரு கலையின் பாதி இந்த நேரக் கணக்குக்கு வெளியே கிடக்கிறது. ஊர்கள் இதைச் சமாளிக்கிற விதம், கூம்பு ஸ்பீக்கரைக் கட்டாமல் களத்தை நோக்கி மட்டும் இரண்டு சிறு பெட்டி வைத்து, பன்னிரண்டுக்கு மேல் சத்தத்தைக் குறைப்பது. கூட்டம் நெருங்கி உட்கார்ந்தால் மைக்கே இல்லாமலும் நடத்தலாம். இந்தக் குரல்கள் மைக்குக்கு முந்தைய காலத்துப் பயிற்சியில் வந்தவை. பங்குனி, சித்திரையில் தேர்தல் வருகிற வருடமென்றால் அனுமதி இன்னும் இறுகும், தேதியை வைகாசிக்குத் தள்ளுவது நல்லது.

ஜமாக்கள் தவிர, ஊர்க்காரர்களே வாத்தியாரை வைத்துப் பாடம் கேட்டு ஆடுகிற நாடகங்களும் உண்டு. அரங்கேற்றம் என்று நோட்டீஸில் போட்டிருக்கும். சுருதி விலகும், வசனம் மறக்கும், கட்டியக்காரன் அடியெடுத்துக் கொடுப்பார். ஆனாலும் மேஸ்திரியும் பால் சொசைட்டிக் கணக்கரும் கிரீடம் வைத்து வருவதைப் பார்க்க ஊரே விடியும் வரை உட்கார்ந்திருக்கும். கட்டாயம் ஒன்று பாருங்கள்.

அடுத்து எங்கே என்று தெரிந்துகொள்ள வழி ஒன்று இருக்கிறது. தீமிதிக்கு மறுநாள் தர்மர் பட்டாபிஷேகம். கூட்டம் வடிந்து ஊர் தூங்கி வழியும். கோயில் மண்டபத்தில் ஜமா சாமான் கட்டிக்கொண்டிருக்கும். வாத்தியாருக்கு அன்று பேச நேரம் இருக்கும், அவருடைய நோட்டில் ஆடி வரைக்கும் ஊர்ப் பெயர்கள் எழுதியிருக்கும். அவர் தூங்கிவிட்டிருந்தால் வேன் டிரைவரிடம் கேளுங்கள். இன்று சாயங்காலம் எந்த ஊருக்கு, எந்த வழியாக என்பது அவருக்குத் தெரியும்.